பழுதுபார்க்கும் உரிமை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய கடற்கரை விடுதி ஒன்று கைமாறினால், அடுத்த ஓராண்டில் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்பதை நாம் வரிசையாகச் சொல்லிவிடலாம். முதலில் பெயர் மாறும். எழுபதுகளில் ஆங்கிலத்தில் வைத்த பெயர் போய், 'நெய்தல்' என்றோ 'அலை' என்றோ தமிழ்ப் பெயர் வரும். இரண்டிரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்குவார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலிருந்து செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவும் தூணும் லாரியில் வந்து இறங்கும். தரைக்கு ஆத்தங்குடி கல் போடுவார்கள். வாசலில் பித்தளை உருளி வைத்துத் தண்ணீரில் பூ மிதக்க விடுவார்கள். கடலில் ஓய்ந்துபோன கட்டுமரம் ஒன்று மதுக்கூடத்தின் சுவரில் சாய்ந்து நிற்கும். வாடகை பல மடங்காகும். இதற்கு 'புட்டிக் ஹோட்டல்' என்று பெயர்.

படங்களைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடியும் சன்மைக்காவும் அப்பிக்கிடந்த கட்டடத்தைவிட இது கண்ணுக்கு இதம்தான். ஆனால் அந்த அழகு யாருடைய உடலுழைப்பில் நிற்கிறது, யாரை அப்புறப்படுத்திவிட்டு வருகிறது, எந்தச் சட்டத்தின் நிழலில் பிழைக்கிறது என்று கேட்காமல் அதை ரசிப்பதற்குப் பெண்ணியம் எதற்கு? இந்தப் புதுப்பிப்பு நம் கடற்கரைப் பெண்களிடமிருந்து மூன்றைப் பறிக்கிறது: மணல், தண்ணீர், நிரந்தர வேலை. பறித்ததில் கொஞ்சத்தை அலங்காரமாக்கிச் சுவரில் மாட்டிக்கொள்கிறது. இதுதான் என் குற்றச்சாட்டு.

பழைய கட்டடத்தின் மவுசு

பழைய விடுதிகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பாரம்பரியத்தின் மீதான காதல் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நான் சட்டத்தைக் காட்டுகிறேன்.

கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்று கடலோர மாநில முதல்வர்களுக்கு இந்திரா காந்தி 1981இல் கடிதம் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வந்தது. ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதியானது. புதிய கட்டடத்துக்கு அங்கே இடமில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்று நிற்கும் கட்டடத்தை, இருக்கும் தளப்பரப்பும் அடித்தளப் பரப்பும் அடர்த்தியும் மிகாமல், பழுதுபார்க்கலாம். அவ்வளவுதான் சலுகை.

இந்த ஒரு வரிச் சலுகைதான் பழைய விடுதியைத் தங்கமாக்கியது. இன்று எத்தனை கோடி வைத்திருந்தாலும் அலைக்கு அறுபதடி தள்ளி ஒரு புதிய விடுதியை அந்தப் பகுதியில் கட்ட முடியாது. 1991க்கு முன் கட்டிய, கூரை ஒழுகும் ஒரு விடுதியை வாங்கினால் முடியும். அப்போது அதற்குப் பெயர் கட்டுமானம் இல்லை, பழுதுபார்ப்பு. அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வாடகையை ஏற்றும் 'புட்டிக்' பாணியின் ரசனைக்குள்ளே இந்தக் கணக்கும் இருக்கிறது. பரப்பைக் கூட்ட முடியாதவர் விலையைக் கூட்டுகிறார்.

அதே 1991 அறிவிக்கை, புதிதாக வரும் கடற்கரை விடுதிகளுக்குச் சில நிபந்தனைகளும் வைத்தது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். வேலி போட்டால் அது பொதுவழியை மறிக்கக் கூடாது. மணல்மேடுகளைச் சமன்படுத்தக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது. உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாம் நல்ல நிபந்தனைகள். ஆனால் அவற்றுக்கு முன்பே எழுந்துவிட்ட கட்டடம், 'நான் உங்களுக்கு மூத்தவள்' என்று நழுவப் பார்க்கிறது. சலுகை பழைய கட்டடத்துக்கு, கடமை புதிய கட்டடத்துக்கு என்றால், வாங்குகிறவர் எதை வாங்குவார்?

2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை இந்த 200 மீட்டரையே தளர்த்திவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில் தடைசெய்யப்பட்ட பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் போடவும் வழி திறந்தது. நெருக்கமாக மக்கள் வாழும் கடற்கரை என்பது மீனவக் குப்பங்களின் கடற்கரைதான். அவர்களின் நெருக்கடியையே காரணமாகக் காட்டி, அவர்களின் முற்றம் சந்தைக்கு வந்திருக்கிறது.

இரண்டு பழுதுபார்ப்புகள்

2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பிறகு நடந்ததை நம் மாணவியரில் பலர் அறிய மாட்டார்கள். அவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை, அல்லது கைக்குழந்தைகள். ஆழிப்பேரலையில் வீடிழந்த கடலோர மக்களுக்கு வீடு கட்டித்தர 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள், பழைய வீட்டையும் மனையையும் விட்டுக்கொடுத்து அப்பால் போகச் சம்மதித்தால் இலவசமாகப் புது வீடு. போக மாட்டோம் என்றால், சேதமான வீட்டைத் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடைக்காது.

பாதுகாப்புக்காகச் செய்தது என்று சொல்லலாம். கடல் மறுபடி வந்தால் யார் பொறுப்பு என்று கேட்கலாம். கேட்போம். அதே 200 மீட்டரில் நின்ற விடுதிகளைக் கடல் விலக்கி வைத்ததா? அவையும்தான் இடிந்தன. பிறகு வங்கிக் கடனோடும் காப்பீட்டோடும் எழுந்து நின்றன. மீனவப் பெண்ணின் வீட்டுக்குப் 'பழுதுபார்ப்பு' என்றால் கைவிடப்படுதல் என்று பொருள். விடுதிக்கு அதே சொல் முதலீடு என்று பொருள். சட்டத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது.

கடலை விட்டுத் தள்ளிப்போன வீடு ஆணுக்கும் கஷ்டம்தான். ஆனால் ஆணின் வேலை கடலுக்குள் நடக்கிறது. படகு கரையேறும் இடத்துக்கு அவன் நடந்தோ வண்டியிலோ வந்துவிடுவான். பெண்ணின் வேலை கரையில் நடக்கிறது. ஏலம் எடுப்பது, கூடையில் அடுக்குவது, விற்காத மீனை உப்பிடுவது, மணலில் வலை விரித்து நெத்திலி காயவைப்பது, காக்கையும் நாயும் தொடாமல் காவலிருப்பது, நடுவே ஓடிப்போய் உலையை இறக்கிவிட்டு வருவது. வீடும் மணலும் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டும் நடக்கும். அந்த மணல் எந்தப் பட்டாவிலும் அவள் பேரில் இல்லை. பத்திரம் இல்லாத உரிமையைப் பறிக்கும்போது சத்தம் கேட்பதில்லை. ஒரு காவலாளி விசில் ஊதுவான்; இரண்டு சாய்வு நாற்காலிகள் வந்து அமரும்; 'இந்தப் பக்கம் காயவைக்காதீங்கம்மா, கெஸ்டுக்கு ஸ்மெல் வருது' என்று மரியாதையாகவே சொல்வார்கள்.

புலவு

தமிழ் படித்தவள் என்ற முறையில் இந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுண்டு. நற்றிணையின் 45ஆம் பாடலில், கடற்கரைச் சிற்றூர்ப் பெண்ணைத் தேடித் தேரில் ஒரு செல்வன் வருகிறான். தோழி அவனை நிறுத்திப் பேசுகிறாள். இவள் மீன் பிடிக்கும் பரதவரின் மகள்; நீயோ கொடிகள் பறக்கும் பெரிய ஊர்க்காரன்; நாங்கள் மீன் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலவு நாறும், தள்ளி நில் என்கிறாள். எங்கள் வாழ்க்கை உன்னுடையதைப் போன்றதில்லை, எங்களுக்குள்ளும் உன்னைப் போன்ற செல்வர்கள் உண்டு என்றும் சொல்லிவிடுகிறாள். புலவு நாற்றம் அவள் வாயில் வெட்கமாக வரவில்லை. அது எல்லைக்கோடு. தேரில் வந்தவன்தான் தள்ளி நிற்க வேண்டும்.

இன்று அந்த வசனத்தை விடுதி பேசுகிறது. தேரில் வந்தவனுக்கு நாற்காலி, புலவு நாறுகிறவளுக்கு விசில். இந்த வேலையைச் செய்துகொண்டே அது தன் பெயரை 'நெய்தல்' என்று வைத்துக்கொள்கிறது. நெய்தலுக்கு இலக்கணம் வகுத்த உரிப்பொருள் இரங்கல் என்பதை அந்தப் பெயரைத் தேர்ந்த விளம்பர நிறுவனம் அறிந்திருக்காது. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய உப்பு விற்கும் பெண் தெருவில் கூவி விலை சொல்கிறாள். அவளுடைய குரல்தான் அவளுக்கு வியாபாரம். இன்றைய நெய்தல் விடுதியின் கடற்கரையில் சங்கு மணியோ சுண்டலோ விற்கும் பெண் கூவ முடியாது. விருந்தினரின் அமைதி கெட்டுவிடும். திணையின் பெயர் வேண்டும், திணையின் மக்கள் வேண்டாம். நம் துறை ஆண்டாண்டாகத் திணைக் கோட்பாட்டை முதல், கரு, உரி என்று மனப்பாடம் செய்யவைத்து, நிலம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் தேர்வுத்தாளுக்கு வெளியே வைத்திருந்ததும் இவர்களுக்கு வசதியாகிவிட்டது.

அழகைத் துடைப்பவர்கள்

இப்போது உள்ளே போவோம். ஒவ்வொரு வடிவமைப்பு முடிவும் ஒரு வேலைப்பளு முடிவு. வரைபடத்தில் கோடு போடுகிறவர் அதைத் துடைக்கப் போவதில்லை.

ஆத்தங்குடி கல் கண்ணுக்குக் குளிர்ச்சி. அது தன்னால் மின்னாது. எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கத்தான் மினுமினுப்பு ஏறும். செட்டிநாட்டு வீடுகளில் அதைத் துடைத்த கைகளும் பெண்களின் கைகள்தான். பித்தளைக் குழாயும் உருளியும் கடற்காற்றில் ஒரே வாரத்தில் கறுக்கும்; புளி போட்டுத் தேய்க்க வேண்டும். குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தால் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் உப்புத் தண்ணீரின் திட்டுகளைத் துடைக்க வேண்டும். மெத்தையின் உயரம் கூடினால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பெட்ஷீட்டைச் செருகும் முதுகுக்குச் சுமை கூடும். தலையணை இரண்டிலிருந்து ஆறானால் ஆறு உறை. எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது உலகத் தரம். மஞ்சளும் கண்மையும் மீன்குழம்பும் உள்ள ஊரில் வெள்ளைத் துணியைக் கறையில்லாமல் தருவது சலவைக்காரப் பெண்ணின் தலைவிதி. கடற்கரை என்பதால் மணல் வேறு. அறைக்குள், படுக்கைக்குள், வடிகாலுக்குள் எங்கும் மணல்.

அறைகள் குறைந்துவிட்டனவே, வேலை குறைந்திருக்குமே என்று நிர்வாகம் சொல்லும். ஆளையும் குறைக்கும். ஓர் அறையில் உள்ள வேலை எவ்வளவு பெருகியது என்று யாரும் அளக்க மாட்டார்கள். வீட்டு வேலையை அளக்காத அதே சமூகம்தானே இதுவும்? படுக்கை விரிப்பதும் கழிப்பறை கழுவுவதும் பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்குத் திறன் எதற்கு, கூலி எதற்கு என்ற எண்ணம் வீட்டிலிருந்து விடுதிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போகிறது. சமையலில் இது இன்னும் வேடிக்கை. 'பாட்டி கைமணம்' என்று மெனு அட்டையில் அச்சாகும். தொப்பி போட்ட செஃப் பெரும்பாலும் ஆண். அம்மி அரைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிறவள் பெண்.

சாதியையும் சொல்லிவிட வேண்டும். வரவேற்பில் நிற்கத் தேர்ந்தெடுக்கப்படும் முகமும் நிறமும் எங்கிருந்து வருகின்றன, கழிப்பறைக்கும் குப்பைக்கும் அனுப்பப்படும் கைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பதை எந்த விடுதியிலும் ஒரு நாள் நின்று பார்த்தாலே தெரியும். முன்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பிரித்த பழைய புத்திதான் 'லாபி' என்றும் 'பேக் ஆஃபீஸ்' என்றும் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே நிரந்தர வேலையின் கதை. மாமல்லபுரத்திலும் கேரளத்துக் கோவளத்திலும் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திவந்த கடற்கரை விடுதிகள் 2000களின் தொடக்கத்தில் தனியாருக்குப் போயின. பொதுத்துறை விடுதியின் சேவை மந்தம் என்று கேலி பேசினோம். அங்கே சம்பளப் பட்டியலும் வருங்கால வைப்பு நிதியும் மகப்பேறு விடுப்பும் சங்கமும் இருந்தன என்பதைக் கேலியில் மறந்தோம். புதுப்பிப்புக்காக விடுதியை ஓராண்டு மூடுகிறவர்கள் பழைய ஊழியர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்ப அதையே வாய்ப்பாக்கிக்கொள்ளலாம். திறக்கும்போது அதே பெண் அதே அறையைத் துடைக்க வரக்கூடும், ஆனால் காண்ட்ராக்ட்டில். விடுதியின் பெயர்ப்பலகையில் அவளுக்கு முதலாளி இல்லை. ஊரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்கு மேல்மாடியில் இருக்கிறார்.

சித்தாள்

கட்டும் கட்டத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. பாரம்பரியப் புதுப்பிப்பு என்றால் சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைத்த கலவை. இந்த அறிவை வியந்து காணொளி எடுக்கிறார்கள். காணொளியில் கரண்டி பிடித்துப் பூசுகிற கொத்தனார் பேசுவார். பின்னால் சும்மாடு கட்டிப் பாண்டு தூக்கிப் போகிறவள் பேச மாட்டாள். இருபது வருடம் சாந்து குழைத்தாலும் அவள் சித்தாள்தான். ஆண் சித்தாள் சில வருடங்களில் கரண்டி பிடித்துக் கொத்தனாராவான், பிறகு மேஸ்திரியாவான். பெண்ணுக்கு அந்தப் படிக்கட்டே இல்லை. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது. 'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்று அது சொன்னதும், வேலைக்கு இரண்டு பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டோம்.

மறுப்புகளும் பதிலும்

'பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றுகிறார்களே, அது சூழலுக்கு நல்லதில்லையா?' நல்லதுதான். இடித்துவிட்டுப் புது கான்கிரீட் ஊற்றுவதைவிடப் புதுப்பிப்பது எவ்வளவோ மேல். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு, நீச்சல் குளத்துக்கு நிலத்தடி நீரை உறிஞ்சிக் குப்பத்தின் அடிகுழாயை உப்பாக்கினால் அது என்ன சூழல்? உப்பாகாத தண்ணீருக்குக் குடத்தோடு தூரம் நடக்கிறவள் யார்?

'உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கிடைக்கிறதே.' கிடைக்கட்டும். கருவாடு காயவைத்தவள் தன் சரக்குக்குத் தானே விலை சொன்னாள். அவளுடைய மகள் மாதக் கூலிக்குத் தலையணை உறை மாற்றுகிறாள். மகளுக்கு அது முன்னேற்றமாகவும் இருக்கலாம். வெயிலிலிருந்தும் கூடைச் சுமையிலிருந்தும் தப்பிக்க விரும்பும் பெண்ணைப் பழையதிலேயே கிட என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவளுக்கு ஒரு தேர்வு கூடியிருந்தால் கொண்டாடுவேன். தாயின் தொழிலை அழித்துவிட்டு மகளுக்கு வேலை கொடுப்பதில் தேர்வு எங்கே இருக்கிறது?

'பெண்களே நடத்துகிறார்கள், பெண்களே வடிவமைக்கிறார்கள். தனியாகப் பயணிக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம்.' இந்த மறுப்பு நம்மில் சிலருக்கு இனிக்கும் என்பதால்தான் ஆபத்தானது. பெண்கள் தனியாகக் கடல் பார்க்கப் போக வேண்டும், பயமின்றித் தூங்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருந்தினளுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்ட விடுதி, இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் ஊழியைக்கு என்ன செய்தது? உடை மாற்றத் தனி அறை உண்டா? சிறுநீர் கழிக்க, நாப்கின் மாற்ற இடம் உண்டா? அல்லது விருந்தினர் கழிப்பறையைக் கழுவலாம், பயன்படுத்தக் கூடாது என்பதுதான் விதியா? காசு கொடுத்தவளுக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்புக்குப் பெண்ணியம் என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேட்க வேண்டியவை

புதுப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுப்பிக்கும் உரிமைக்கு விலை உண்டு, அதை விடுதி கட்ட வேண்டும் என்கிறேன்.

பழைய விடுதிக்குப் பழுதுபார்ப்பு அனுமதி தரும்போதே, புதிய விடுதிக்கு உள்ள அத்தனை நிபந்தனைகளும் அதன் மேல் ஏற வேண்டும்: 20 மீட்டர் பொதுவழி, மறிக்காத வேலி, 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்காமை. மீன் காயவைக்கும் மணலைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் அளந்து குறிக்க வேண்டும். குறிக்கும்போது பஞ்சாயத்து ஆண்களை மட்டும் கேட்காமல் அங்கே காயவைக்கும் பெண்களைக் கேட்க வேண்டும். 200 மீட்டருக்குள் விடுதிக்குப் பழுதுபார்க்க அனுமதி உண்டென்றால், குப்பத்து வீட்டைப் பழுதுபார்க்க அரசு உதவியும் உண்டு என்றாக வேண்டும்.

புதுப்பிப்புக்கு மூடும் விடுதி, திறக்கும்போது பழைய ஊழியர்களுக்கே முதலிடம் தர வேண்டும், பணிக்காலத் தொடர்ச்சியோடு. அறைக்கணக்கை விட்டு வேலைக்கணக்கில் பளுவை அளக்க வேண்டும். உட்காரும் உரிமைக்காக 2021இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட எந்த வடிவமைப்பாளருக்கும் மனம் வருவதில்லை. போட வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. 'எங்களிடம் எட்டுப் பேர்தான், மற்றவர்கள் காண்ட்ராக்ட்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஒப்பந்த ஊழியரும் அந்தச் சட்டத்தில் ஊழியர்தான். உண்மையிலேயே பத்துக்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. அதன் தொலைபேசி எண்ணைப் பின்வாசலில், தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மாணவியருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் மாவட்டக் கடற்கரையில் அண்மையில் புதுப்பித்த ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டட அனுமதி எந்த ஆண்டுடையது, புதுப்பிப்புக்கு என்ன அனுமதி பெற்றார்கள், நீர் எங்கிருந்து வருகிறது, உள்ளகக் குழு இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். பிறகு அந்த விடுதிக்குப் போங்கள். முன்வாசல் வழியாகப் போகாமல், பக்கத்துக் குப்பத்திலிருந்து மணல் வழியாக நடந்து போங்கள். எந்த இடத்தில் விசில் ஊதுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊதினாலும் திரும்பாதீர்கள்.